முட்டுவது மூச்சா, வெக்கையா?

கத்திரி வெயிலில் வண்டலூர்ச் சாலையில் முகக்கவசத்தைக் கழற்றாமல் நடந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மூச்சு முட்டுகிறது. 2020, 2021 கோடைகளில் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிவரை இந்தப் பேச்சு கேட்காத வீடு இருந்திருக்காது. இப்படிச் சொன்னவர்களை ஒரு சாரார் சாக்குச் சொல்கிறார்கள் என்று அதட்டினார்கள். ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது, மூளையே கெட்டுவிடும் என்று இன்னொரு சாரார் பயமுறுத்தினார்கள். இரண்டு பக்கமும் தவறு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். முட்டுவது உண்மை, கற்பனை இல்லை. ஆனால் முட்ட வைப்பது காற்றுப் பற்றாக்குறை இல்லை. மூக்கையும் கன்னத்தையும் சுற்றித் தேங்கி நிற்கும் வெக்கையும் ஈரமும்தான் அந்த உணர்வை உண்டாக்குகின்றன. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் தீர்வும் தவறிப்போனது. கழற்ற வேண்டிய இடத்தில் பயந்துகொண்டு போட்டிருந்தோம், போட வேண்டிய இடத்தில் தாடைக்கு இறக்கிவிட்டோம்.

முதலில் ஆக்சிஜன். வைரஸையே தடுக்கும் துணி காற்றை மட்டும் எப்படி விடும் என்ற கேள்வி நியாயமானது. கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். ஆக்சிஜன் மூலக்கூறோ ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றைவிட மற்றொன்று ஏறக்குறைய 300 மடங்கு பெரியது. ஆனால் அளவு வித்தியாசத்தை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது பாதி விடைதான், ஏனென்றால் முகக்கவசம் சல்லடைபோல் வேலை செய்வதில்லை. அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் நடு அடுக்கில் பாலிப்ரொப்பிலீன் இழைகள் தாறுமாறாகப் படிந்திருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள வெளிகள் வைரஸைவிடப் பல மடங்கு பெரியவை. பெரிய துளிகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதி நின்றுவிடும். மிகச் சிறிய துகள்கள் காற்று மூலக்கூறுகளால் இடிபட்டு அங்குமிங்கும் தள்ளாடி, கடைசியில் ஏதோ ஓர் இழையைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். என்95 வகையில் இழைகளுக்கு நிரந்தர மின்னூட்டமும் ஏற்றப்பட்டிருப்பதால் அது துகள்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் தப்பிக்க வாய்ப்புள்ளது 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள். மோதி நிற்கும் அளவு பெரிதுமில்லை, தள்ளாடும் அளவு சிறிதுமில்லை. அதனால்தான் என்95 அந்த அளவுத் துகளை வைத்துச் சோதிக்கப்படுகிறது, அதில் 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஆக்சிஜன் மூலக்கூறும் இழையில் இடிக்குமே, அது ஏன் ஒட்டவில்லை? இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் சாதாரண வெப்பநிலையில் அதன் வேகத்துக்கு இழையின் ஈர்ப்பு ஈடுகொடுக்க முடியாது. துகள் ஒட்டும், மூலக்கூறு தெறித்துப் போகும். துணி வழியாக ஆக்சிஜன் தாராளமாகப் போய்வருவதற்கு இதுதான் காரணம்.

கரியமில வாயு விஷயம் இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. இதில் எதிர்த்தரப்புக்கும் ஓரளவு இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் ஏறக்குறைய 150 மில்லி நுரையீரலின் சிற்றறைகளைத் தொடுவதே இல்லை. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்று அப்படியே திரும்பிவிடும். போன மூச்சில் வெளியேறாமல் அந்தக் குழாயில் தங்கிய பழைய காற்றுதான் அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போகிறது. அதாவது நாம் பிறந்ததிலிருந்தே ஒவ்வொரு மூச்சிலும் நம்முடைய பழைய காற்றைக் கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். முகக்கவசம் அந்த இடத்தைச் சற்று நீட்டிக்கிறது. முகத்தோடு ஒட்டிய அறுவை சிகிச்சை முகக்கவசத்தில் அது சொற்பம், கிண்ணம்போல் நிற்கும் என்95 வகையில் நூறு மில்லி அளவுக்குப் போகலாம். நம் மூக்கும் மூச்சுக்குழாயும் சேர்ந்து அதைவிட அதிகம் வைத்திருக்கின்றன. இந்தக் கூடுதலை உடல் கவனிக்காமல் விடுவதில்லை. மூளைத் தண்டில் உள்ள உணரிகள் ரத்தத்தில் கரியமில வாயு இம்மி கூடினாலும் மூச்சைச் சற்று ஆழமாக்கிவிடும். நாம் அறியாமலே கணக்கு நேராகிவிடும்.

இந்த இடத்தில்தான் ஓர் அளவீட்டுப் பிழை உலகம் சுற்றியது. 2021 ஜூன் 30 அன்று, குழந்தைகளுக்கான ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழில் ஜெர்மனியில் நடந்த ஒரு சிறு ஆய்வு வெளியானது. 6 முதல் 17 வயதுவரையுள்ள 45 பேருக்கு முகக்கவசம் அணிவித்து உள்ளே கரியமில வாயுவை அளந்தார்கள். மூச்சாக இழுக்கும் காற்றில் பத்து லட்சத்துக்கு 13,000 பங்குக்கு மேல் இருக்கிறது என்றார்கள். மூடிய அறைகளுக்கு ஜெர்மனி சொல்லும் எச்சரிக்கை அளவு 2,000. செய்தி சில மணி நேரங்களில் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள்வரை வந்து சேர்ந்தது. ஆனால் அளவெடுக்கும் குழாயை முகக்கவசத்துக்கு உள்ளே மேலுதட்டருகே வைத்தால் அங்கே தேங்கியிருப்பது பெரும்பாலும் வெளிவிட்ட மூச்சுதான். வெளிவிட்ட மூச்சில் இயல்பாகவே பத்து லட்சத்துக்கு 40,000 பங்கு கரியமில வாயு இருக்கும். இழுக்கும்போது துணி வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் வந்து கலக்கும் புதுக்காற்றை அந்தக் கருவி சரியாகப் பிரித்துப் பார்த்ததா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தந்த பதில் இதழாசிரியர்களுக்குத் திருப்தி தரவில்லை. ஜூலை மாதத்திலேயே இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. செய்தி பரவிய வேகத்தில் திரும்பப் பெற்ற செய்தி பரவவில்லை.

கவசத்துக்குள் இருக்கும் காற்றை விட்டுவிட்டு ரத்தத்தை அளந்தால் படம் தெளிவாகிறது. 2010-ல் அமெரிக்காவில் ரேமண்ட் ராபர்ஜ் குழு பத்து மருத்துவப் பணியாளர்களை என்95 அணிவித்து நடைப்பொறியில் ஒரு மணி நேரம் நடக்க வைத்தது. முகக்கவசத்துக்குள் கரியமில வாயு கூடியிருந்தது, ஆக்சிஜன் குறைந்திருந்தது. ஆனால் ரத்த ஆக்சிஜனிலும் இதயத் துடிப்பிலும் மூச்சு வேகத்திலும் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. 2020-ல் கனடாவில் சராசரி வயது 76-ஐத் தாண்டிய 25 முதியோர் மூன்றடுக்கு முகக்கவசம் அணிந்து ஒரு மணி நேரம் இருந்தார்கள். அணிவதற்கு முன் அவர்கள் ரத்த ஆக்சிஜன் 96.1 விழுக்காடு, அணிந்திருந்தபோது 96.5, கழற்றிய பின் 96.3. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் விரல்நுனிக் கருவி வாங்கி வைக்காதவர்கள் குறைவு. நோயைக் கண்டு பயந்து அதை விரலில் மாட்டிய அதே கை, முகக்கவசத்தோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை மாட்டிப் பார்த்திருந்தால் பெரும்பாலான வீட்டு வாக்குவாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆக்சிஜன் குறையவில்லை என்றால் முட்டுவானேன்? மூச்சு முட்டல் என்பது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை நேரடியாகக் காட்டும் உணர்வு இல்லை. நெஞ்சுத் தசைகள் எவ்வளவு உழைக்கின்றன, நுரையீரல் எவ்வளவு விரிகிறது, முகத்தில் காற்று படுகிறதா என்று பல இடங்களிலிருந்து வரும் சேதிகளைக் கூட்டி மூளை எடுக்கும் முடிவு அது. இதில் முகத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் முப்பெருநரம்பின் கிளைகள் குளிர்ச்சியை உணர்கின்றன. குளிர்ந்த காற்று அங்கே பட்டால் காற்று வருகிறது என்று மூளை அமைதியாகும். 1987-ல் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, செயற்கையாக மூச்சிரைப்பு உண்டாக்கப்பட்டவர்களின் கன்னத்தில் குளிர்காற்றைச் செலுத்தியபோது அவர்களுக்கு இரைப்பு குறைந்ததாகத் தெரிந்தது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்குக் கையடக்க மின்விசிறியை முகத்தருகே பிடிக்கச் சொல்வது இன்று மருத்துவத்தில் ஏற்கப்பட்ட ஆறுதல். மூச்சு வாங்கும் பாட்டிக்குப் பனையோலை விசிறியால் வீசிய நம் வீடுகளுக்கு இது புதிதில்லை. முகக்கவசம் இதற்கு நேரெதிர் வேலையைச் செய்கிறது. காற்று படும் இடத்தை மூடி, சுமார் 34 பாகை வெப்பத்தில் ஈரம் நிரம்பி வரும் நம் மூச்சை அங்கேயே நிறுத்தி வைக்கிறது.

லண்டனிலோ பாஸ்டனிலோ நடந்த ஆய்வின் முடிவை அப்படியே வண்டலூருக்குப் பொருத்துவதில் இங்கேதான் கவனம் வேண்டும். தென்சென்னைப் புறநகருக்கு வெயில் கணக்குச் சொல்வது மீனம்பாக்கம் வானிலை நிலையம். மே மாதத்தில் அங்கே வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். கடற்காற்று உள்ளே வரும் நாளில் வெப்பம் இறங்கும், ஆனால் ஈரம் ஏறும். வியர்வை ஆவியாகிப் போனால்தான் தோல் குளிரும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில், மழைக்காலத்துக் கொடியில் போட்ட துணிபோல முகம் காயாமலே இருக்கும். அதன்மேல் ஒரு துணியையும் கட்டினால் அரை மணி நேரத்தில் துணியும் நனைந்துவிடும். நனைந்த துணியின் இழைகளுக்கிடையே நீர் நின்றுவிடுவதால் அதன் வழியே மூச்சிழுக்க உண்மையாகவே கூடுதல் பலம் தேவைப்படும். அப்போது முகத்திலிருந்து வெக்கைச் சேதி, நெஞ்சிலிருந்து உழைப்புச் சேதி, இரண்டும் சேர்ந்து மூளைக்குப் போகின்றன. இரும்புலியூர் சந்திப்பில் பிற்பகல் இரண்டு மணிக்கு நிற்கும் போக்குவரத்துக் காவலர் மூச்சு முட்டுகிறது என்றால், குளிர்நாட்டு ஆய்வுக்கூட எண்ணைக் காட்டி அவர் வாயை அடைப்பது அறிவியல் ஆகாது. அவருடைய ஆக்சிஜன் சரியாகத்தான் இருக்கும். அவருடைய வேதனையும் அதே அளவு நிஜம். அவருக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் நாளுக்கு மூன்று நான்கு உலர்ந்த முகக்கவசங்களும்.

உடலை வருத்தும்போது முடிவுகள் பிரிகின்றன. கனடாவின் சஸ்காச்சுவானில் 14 பேர் களைத்து நிற்கும்வரை மிதிவண்டிப் பொறியில் மிதித்தார்கள். துணி முகக்கவசமோ அறுவை சிகிச்சை முகக்கவசமோ அவர்கள் திறனைக் குறைக்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக்கில் 12 ஆரோக்கியமான ஆண்கள் மிதித்தபோது, என்95-க்கு இணையான ஐரோப்பிய வகை முகக்கவசம் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டைச் சுமார் 13 விழுக்காடு குறைத்தது. இரண்டும் சிறு ஆய்வுகள். லைப்சிக்கில் அளவுக் கருவியை முகக்கவசத்தின்மேல் இறுக்கி வைத்ததே ஓரக் கசிவை அடைத்து முடிவைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்ற விமர்சனமும் உண்டு. என் மதிப்பீடு இதுதான்: உட்காருவதும் நடப்பதும் பேருந்தில் நிற்பதுமான வேலைக்குப் பாதகம் இல்லை. மூட்டை தூக்குபவருக்கும் ஓடுபவருக்கும் இறுக்கமான வகை உண்மையான சுமை. நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்கள் தனி வகை. தென்கொரியாவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள 97 பேரை என்95 அணியச் சொல்லிச் சோதித்தபோது 7 பேரால் முடிக்க இயலவில்லை. நோய் முற்றியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். ஆக, எல்லோருக்கும் கெடுதல் என்பதும் தவறு, யாருக்குமே கெடுதல் இல்லை என்பதும் தவறு.

தலைவலியும் தோல் எரிச்சலும் சர்ச்சைக்கு இடமில்லாதவை. சிங்கப்பூரில் 158 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டபோது 128 பேருக்குப் பாதுகாப்புக் கவசத்தால் புதிதாகத் தலைவலி வந்திருந்தது. நாடாவும் கண்ணாடியும் தலையை நாள் முழுக்க அழுத்துவது, தண்ணீர் குடிக்காமலே பணிநேரம் முடிவது, வெக்கை எல்லாம் அதற்குக் காரணம். காதுக்குப் பின் புண், மூக்குத் தண்டில் தழும்பு, தாடையில் பருக்கள் எல்லாம் அந்த இரண்டு ஆண்டுகளில் செவிலியர்களின் அன்றாடமாக இருந்தன.

மனதுக்கு வருவோம். மூச்சுத் தடை பற்றிய எச்சரிக்கை மணி மூளையில் ஒன்று இருக்கிறது என்றும், பீதி நோய் உள்ளவர்களுக்கு அது காரணமில்லாமல் அடிக்கிறது என்றும் 1993-ல் டொனால்ட் க்ளைன் என்ற உளநல மருத்துவர் ஒரு கோட்பாடு வைத்தார். கோட்பாட்டின் எல்லாப் பகுதிகளும் நிலைபெற்றுவிடவில்லை. ஆனாலும் அப்படிப்பட்டவர்கள் மூச்சு பற்றிய சின்னச் சேதியையும் பெரிதாகக் கேட்கிறார்கள் என்பது உறுதி. முகத்தில் வெக்கை ஏறியதும் அவர்கள் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். அப்போது கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரத்து, தலை சுற்றும். கூடிவிட்டது என்று அவர்கள் பயந்த வாயு உண்மையில் குறைந்ததால் வரும் அறிகுறி இது. இதோடு எதிர்பார்ப்பும் சேர்கிறது. மாஸ்க் போட்டால் மூளை கெடும் என்று காலையில் படித்துவிட்டு மின்சார ரயிலில் ஏறுபவர், பெருங்களத்தூர் வருவதற்குள் தன் மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவார். மூச்சை எண்ணத் தொடங்கினால் முகக்கவசம் இல்லாமலே முட்டும். நடுக்கத்தோடு வருபவருக்கு ஒன்றுமில்லை போ என்று சொல்வது உதவாது. மெதுவாக, மூக்கால், வயிறு அசையும்படி நாலைந்து நிமிடம் மூச்சு விடச் சொல்லி, முகத்துக்கு விசிறி வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

அடுத்த இழப்பு முகம். 2020-ல் ஜெர்மனியின் பாம்பெர்க் பல்கலைக்கழகத்தில் 41 பேருக்கு முகக்கவசம் வரைந்த முகங்களைக் காட்டியபோது அருவருப்பைக் கோபமாகப் படித்தார்கள். சிரிப்பையும் துக்கத்தையும் சும்மா இருக்கும் முகமாக எடுத்துக்கொண்டார்கள். பயம் மட்டும் கண்ணிலேயே தெரிந்துவிட்டது. குரலும் மங்குகிறது. சாதாரண முகக்கவசம் 2,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ்வரையுள்ள ஒலிகளை 3, 4 டெசிபலும், என்95 ஏறக்குறைய 12 டெசிபலும் குறைக்கும். ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளின் கூர்மை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. தமிழில் ப, ம இரண்டுக்கும் இதழ் இரண்டும் சேர வேண்டும், வகரத்துக்குப் பல்லும் இதழும். இதைத் தொல்காப்பியமே பிறப்பியலில் வகுத்துவிட்டது. கேட்கும் திறன் குறைந்தவர் கண்ணால் கேட்பது இந்த இதழ் அசைவைத்தான். அவருக்கு முகக்கவசம் வெறும் அசௌகரியமாக இருக்கவில்லை. ரேஷன் கடையிலும் மருந்துக்கடையிலும் வங்கியிலும் பேச்சே அறுந்துபோனது. நடுவில் கண்ணாடித்தாள் வைத்த முகக்கவசங்கள் வந்தன, ஆனால் வேண்டியவர்களுக்குப் போதுமான அளவில் வந்து சேரவில்லை. இது குறித்து நம் அரசுகள் பெரிதாகக் கவலைப்படாதது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

குழந்தைகளின் முகம் படிக்கும் திறன் இதனால் பாழாகிவிடும் என்ற வாதத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 7 முதல் 13 வயதுவரையுள்ள 81 குழந்தைகளிடம் சோதித்தபோது துல்லியம் குறைந்தது உண்மைதான், ஆனால் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே உணர்வுகளைக் கண்டுபிடித்தார்கள். கறுப்புக் கண்ணாடி அணிந்த முகம் தந்த சிரமத்தைவிட முகக்கவசம் தந்தது அதிகமில்லை. கைக்குழந்தைகளுக்கு வீட்டில் மூடாத முகங்கள் இருந்தன. அதுவும் போக, தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை பள்ளி திரும்பத் திறந்ததே 2021 நவம்பர் 1 அன்றுதான். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக ஆசிரியரின் முகத்தையே பார்க்காத குழந்தையிடம் முகக்கவசத்தின் கேட்டைத் தேடுவது, பெரிய இழப்பை விட்டுவிட்டுச் சிறியதை அளப்பது. பள்ளி மூடலுக்குப் பின் தமிழக அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் சரிசெய்ய முயன்றது அந்தப் பெரிய இழப்பைத்தான்.

இவ்வளவு நேரம் பார்த்தது, அணிந்தவர் உடலில் என்ன நடக்கிறது என்பதை மட்டும். தராசின் மறுதட்டு அடுத்தவர் உடல். அந்த அடுத்தவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 2021 ஏப்ரலிலேயே பார்வையாளர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மே 26 அன்று சஃபாரி பகுதியிலுள்ள ஐந்து சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, இடையிடையே இருமின. ஜூன் 3 மாலை, ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலா இறந்தது. அதற்குப் பெரிதாக அறிகுறி எதுவும் இருந்திருக்கவில்லை. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் ஆய்வு நிறுவனத்துக்கு 11 சிங்கங்களின் மாதிரிகள் போயின, ஒன்பதில் கொரோனா. ஜூன் 16 அன்று பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் பத்மநாதனும் இறந்தது. மரபணு வரிசையைப் பார்த்தபோது, அப்போது மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே சிங்கங்களிடமும் இருந்தது. கூட்டம் வராத பூங்காவுக்குள், கூண்டுக்குள் இருக்கும் விலங்கிடம் அந்தக் கிருமி தானாகப் போயிருக்க முடியாது. நோய்க்குறி இல்லாத மனிதர் வழியாகப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாத ஒருவர், சிங்கங்களுக்குச் சோறு போட வந்தவர், என்ன செய்திருக்க முடியும்? தெரியாமலே பரப்பக்கூடிய நோய்க்கு, நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே எல்லோரும் அணியும் தடுப்பு தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நம் ஊரில் இல்லை.

இந்த மறுதட்டைக் கச்சிதமாக அளந்த சோதனையிலும் விலங்குகள்தான் இருந்தன. தென்னாப்பிரிக்காவில், மருந்துக்கு அடங்காத காசநோய் உள்ள 17 நோயாளிகள் இருந்த வார்டின் காற்றை இரண்டு அறைகளுக்குக் குழாய் வழியே அனுப்பினார்கள். ஒவ்வோர் அறையிலும் 90 கினி எலிகள். நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாதாரண அறுவை சிகிச்சை முகக்கவசம் அணிந்தார்கள். அணிந்த நாட்களின் காற்று ஓர் அறைக்கு, அணியாத நாட்களின் காற்று மற்றொன்றுக்கு. மூன்று மாத முடிவில் அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 69 எலிகளுக்கும், அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 36 எலிகளுக்கும் தொற்று. 2012-ல் வெளியான இந்த ஆய்வில் நம்பிக்கையோ பழக்கமோ குறுக்கிட வழியே இல்லை, எலிக்குத் தான் எந்த அறையில் இருக்கிறோம் என்பது தெரியாது. தொற்றில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முகக்கவசம் குறைக்கும், அழிக்காது.

இதற்கு வலுவான மறுப்பு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு. முகக்கவசம் அணியச் சொல்வதால் சுவாசத் தொற்றில் பெரிய வேறுபாடு இல்லாதிருக்கலாம் என்றது அது. மாஸ்க் வேலை செய்யாது என்று உலகம் அதைச் சுருக்கியது. அப்படிச் சொல்வது தவறான வாசிப்பு, முடிவு தெளிவாகவில்லை என்பதே பொருள் என்று அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே மார்ச் மாதம் விளக்கம் தர வேண்டியிருந்தது. அணியச் சொல்வது வேறு, அணிவது வேறு. டென்மார்க்கில் 4,800-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வில், முகக்கவசம் தரப்பட்டவர்களில் பாதிப் பேர்கூடச் சொன்னபடி அணியவில்லை. முகக்கவசம் தரப்பட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. அந்த ஆய்வு அணிந்தவருக்கு என்ன ஆனது என்று மட்டும் பார்த்தது, அவரைச் சுற்றியிருந்தவர்களைப் பார்க்கவில்லை. நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது வங்கதேச ஆய்வு. 600 கிராமங்களில் 3,42,000 பெரியவர்கள். இலவசமாகக் கொடுத்து, எடுத்துச் சொல்லி, அணிவோரை 13 விழுக்காட்டிலிருந்து 42-க்கு உயர்த்தினார்கள். அறிகுறியோடு உறுதியான தொற்று 9 விழுக்காடு குறைந்தது. அறுவை சிகிச்சை முகக்கவசம் கொடுத்த ஊர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 35 விழுக்காடு. பத்தில் நான்கு பேர் அணிந்ததற்கே இந்தப் பலன். வெக்கையும் ஈரமும் நம்மைப் போலவே உள்ள ஊர்களில் கிடைத்த முடிவு என்பதால் இதற்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

இரண்டு தட்டையும் சேர்த்துப் பார்த்தால், நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எங்கே, எவ்வளவு நேரம், எந்த வகை என்பதுதான். தமிழ்நாட்டில் முகக்கவசம் அணியாததற்கு 2020 செப்டம்பரில் 200 ரூபாய் அபராதம் வந்தது, 2022 ஜனவரியில் அது 500 ஆனது. தொகை ஏறியது, இடம் பற்றிய தெளிவு ஏறவில்லை. வெக்கை அதிகமும் தொற்று வாய்ப்புக் குறைவும் திறந்தவெளியில், வெக்கை குறைவும் தொற்று வாய்ப்பு அதிகமும் கதவடைத்த குளிர்சாதன அறையில். நம்மில் பலரும் ஜி.எஸ்.டி. சாலையில் தனியாக வண்டியோட்டும்போது அபராதத்துக்குப் பயந்து அணிந்து வதங்கினோம். அலுவலகத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும், அப்பாடா என்று கழற்றினோம். உடல் தந்த சேதியை மட்டும் கேட்டால் அப்படித்தான் செய்யத் தோன்றும், ஏனென்றால் அந்தச் சேதி வெப்பத்தைப் பற்றியது, கிருமியைப் பற்றியது இல்லை.

தாம்பரம் சானடோரியத்தில் இந்தப் பாடம் கொரோனாவுக்கு மிக முன்பே இருந்தது. டேவிட் சௌரிமுத்து 1928-ல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். கணித மேதை ராமானுஜன் சிலகாலம் தங்கிச் சிகிச்சை பெற்ற இங்கிலாந்தின் மெண்டிப் குன்று மருத்துவமனையை நடத்தியவர் அவர். மருந்தில்லாத அந்தக் காலத்தில் அவர் நம்பியது திறந்தவெளிக் காற்றை. 1937-ல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த இடம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்ப் பராமரிப்பின் விதி எளிமையானது. இருமும் நோயாளிக்கு அறுவை சிகிச்சை முகக்கவசம், ஏனென்றால் கிருமி வெளியேறும் இடத்தில் பிடிப்பது எளிது, அவருக்கு மூச்சுச் சுமையும் குறைவு. அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு முகத்தோடு பொருந்தும் என்95. இருவருக்கும் பொதுவாகத் திறந்த சன்னல். இதே கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். போகி நாளில் பல்லாவரம், தாம்பரம் பக்கம் புகை இறங்கும்போது துணி முகக்கவசம் நுண்துகளை அதிகம் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர் அன்று காலை வீட்டுக்குள் இருப்பது நல்லது, போயே ஆக வேண்டுமென்றால் பொருந்தும் என்95. காய்ச்சல் காலத்தில் கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து இரவு முழுக்கக் கண்ணாடி மூடிய குளிர்சாதனப் பேருந்தில் போகிறவர், நடைமேடையில் நிற்கும்போது கழற்றி வைத்திருந்தாலும் பாதகமில்லை. ஏறி உட்கார்ந்ததும் உலர்ந்த புதிய ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே குளிர் இருப்பதால் முட்டாது. நனைந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும்.